காலேஜ்களுக்கும் தீட்டா?

சென்னையிலுள்ள காலேஜ்களைப்பற்றி நாம் எழுதப் புகுந்தது வாசகர்களில் சிலருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். "காலேஜ் வாசற்படியை மிதித்தறியாத உங்களுக்கு இந்த விவகாரம் எதற்கு?" என்று சில மேதாவிகள் கேட்கவுங் கூடும். நாம் மிதித்தறியாதவர்கள்தாம். நமது படிப்பெல்லாம் வாசகசாலைப் பெஞ்சியிலும், டீக்கடைப் பத்திரிகையிலும், கூட்டத்துக்குப் போகிற வழியில் ரயில் வண்டியிலும் படித்த படிப்பே ஒழிய வேறில்லை. ஆனால், ஒரு கேள்வி. சர்க்கார் காலேஜும், சர்க்கார் உதவி பெறும் காலேஜும் யாருடைய பணத்தில் நடக்கின்றன? சோப்புக்கும் தீப்பெட்டிக்கும், பஸ்ஸுக்கும் பத்திரத்துக்கும் நாம் கொடுக்கிற வரியில் அல்லவா நடக்கின்றன? படியாதவன் கொடுக்கும் வரியில் படித்தவனுக்குச் சம்பளம் போகிறதென்றால், அந்தப் படிப்பு எப்படி நடக்கிறதென்று கேட்கப் படியாதவனுக்குப் பூரண உரிமை உண்டு. அந்த உரிமையின் பேரில்தான் இதை எழுதுகிறோம்.

சென்ற மாதம் செய்யாற்றுப் பக்கத்துத் தோழர் ஒருவர் தமது மகளை அழைத்துக்கொண்டு நம்மைப் பார்க்க வந்தார். இரண்டு ஏக்கர் நிலத்துக்காரர். அவர் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் இந்தப் பெண்தான். சென்னையில் ஒரு காலேஜில் கணிதம் படிக்கிறது. இரண்டாம் வருஷத்தில் புள்ளியியலில் ஒரு பாடத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று காலேஜ் புஸ்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பெண் அதைக் கேட்டதற்கு, "கேட்பவர்கள் ஆறு பேர்தான், அந்தப் பாடம் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர் பென்ஷன் வாங்கிப் போய்விட்டார், அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை, ஆகவே இந்த வருஷம் இல்லை" என்று பதில் வந்ததாம். பெண் கெட்டிக்காரி. அரை மணி நேரம் நடக்கிற தூரத்தில் இன்னொரு காலேஜில் அதே பாடம் நடக்கிறதென்றும், அங்கே பாதிப் பெஞ்சி காலியென்றும் விசாரித்துக்கொண்டு, "அங்கே போய்க் கேட்டுவிட்டு வரலாமா?" என்று இரண்டு ஆபீசிலும் கேட்டிருக்கிறது. இரண்டு ஆபீசிலும் ஒரே பதில்தான்: "ரூலில் இடமில்லை."

நம்மிடம் இதைச் சொல்லிவிட்டு அந்தத் தோழர் கேட்டார்: "தோழரே, எங்க ஊருலே என் கிணறு வத்திப்போனா பக்கத்து நிலத்துக்காரரு ரெண்டு நாள் தண்ணி விடுவாரு. அவரு பம்பு செட்டு ரிப்பேரானா நான் விடுவேன். இந்த ரெண்டு காலேஜுக்காரங்களும் பகையாளிங்களா?"

"பகையாளிகளாயிருந்தாலும் பேச்சு வார்த்தையாவது இருக்கும். இவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அந்தக் கேள்வியை மட்டும் நம்மால் அனுப்பிவிட முடியவில்லை.

ஒரே பஸ், வேறு வேறு உலகம்

சென்னைப் பட்டணத்தின் தென்பாதியை வாசகர்கள் சற்று மனத்தில் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கடற்கரைச் சாலையில் 1914இல் தோன்றிய ராணி மேரிக் கல்லூரி. மைலாப்பூரில் 1946இல் தோன்றிய விவேகானந்தா கல்லூரி. 1947இல் சாந்தோமில் 32 மாணவிகளோடு தொடங்கி, பிறகு கதீட்ரல் சாலைக்கு வந்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரி. நந்தனத்தில் சர்க்கார் கலைக் கல்லூரி. நுங்கம்பாக்கத்தில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, லயோலாக் கல்லூரி, எம்.ஓ.பி. வைஷ்ணவக் கல்லூரி. ராயப்பேட்டையில் நியூ காலேஜ். எழும்பூர்ப் பக்கம் எத்திராஜ் கல்லூரி. அடையாற்றுக்கு அப்பால் ஐ.ஐ.டி.யும், தரமணியில் ஆராய்ச்சி நிலையங்கள் ஒரு வரிசையும். இவ்வளவும் ஒரு பெரிய தாலுகாவின் பரப்புக்குக்கூட வராது. ஊரில் சந்தைக்கு நடக்கிற தூரத்தில் இங்கே ஐந்தாறு காலேஜ்கள் இருக்கின்றன.

இந்தக் காலேஜ்களில் பலவற்றின் பிள்ளைகள் ஏறுகிற பஸ்கூட ஒன்றுதான். 29சி என்கிற பஸ்ஸில் காலையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று காலேஜ் பிள்ளைகள் நிற்கிறார்கள்; ஒருவர் மடியில் ஒருவர் பையை வைத்துக்கொள்ளுகிறார்கள்; ஒருவருக்கொருவர் டிக்கெட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு மதிற்சுவருக்குள் நுழைந்துவிடுகிறது. கேட்டில் காவற்காரன் கழுத்துச் சீட்டைப் பார்க்கிறான். பக்கத்துக் காலேஜ் சீட்டு என்றால் உள்ளே விடமாட்டான். உள்ளே என்ன புதையலா இருக்கிறது? புத்தகந்தானே இருக்கிறது!

தோழர்களே, இதைப் போன்ற கேட்டு நமக்குப் புதிதல்ல. ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்று வைத்திருந்த நாடு இது. ரயில்வே ஸ்டேஷனில் சாப்பாட்டுக்குக்கூடத் தனியிடம் போட்டிருந்த நாடு இது. பொதுப் பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்திலேயே, 1920களில், பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்து, அதற்காகப் பெரிய கிளர்ச்சி நடக்க வேண்டியிருந்த நாடு இது. தண்ணீர் பொது, சோறு பொது என்று ஒப்புக்கொள்ளச் செய்வதற்கே நமது பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார்கள். இப்போது பாடம் பொது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காலேஜ் பிள்ளை இன்னொரு காலேஜ் பெஞ்சியில் உட்கார்ந்தால் பெஞ்சிக்குத் தீட்டுப் பட்டுவிடுமா என்றுதான் கேட்கிறோம்.

தீட்டு வெளியிலிருந்துதான் வருகிறதென்றும் சொல்லிவிட முடியாது. ஒரே காலேஜுக்குள்ளேயே காலை ஷிப்டு சர்க்கார் உதவிப் பிரிவு, மாலை ஷிப்டு சுயநிதிப் பிரிவு என்று இரண்டு ஜாதி உண்டாகியிருப்பதை அறியாதவர்கள் இல்லை. கட்டடம் ஒன்று, கரும்பலகை ஒன்று. சம்பளம் வேறு, உபாத்தியாயருக்குக் கூலி வேறு. ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு அடுப்பு எரிகிறபோது, அடுத்த வீட்டோடு எப்படிக் கொள்வினை கொடுப்பினை வரும்?

சேர்ந்து நடத்துவது என்றால் என்ன?

பக்கத்துப் பக்கத்திலுள்ள சிறிய காலேஜ்கள், தங்கள் தங்கள் பெயரையும் நிர்வாகத்தையும் வைத்துக்கொண்டே, சில பாடங்களையும், சில உபாத்தியாயர்களையும், புத்தகசாலையையும், சோதனைச்சாலையையும் பொதுவாக வைத்து நடத்துவதைத்தான் நாம் சொல்லுகிறோம். கிராமத்தில் ஒற்றை மாடு வைத்திருக்கிற இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஏர் கட்டுவதில்லையா? இருவர் நிலமும் உழப்படுகிறது. யாருடைய பட்டாவும் மாறிவிடுவதில்லை. அதுதான் இதுவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடத்துக்குப் பத்துப் பேராவது இருந்தால்தான் வகுப்பு வைப்போம் என்று ஒவ்வொரு காலேஜும் சொல்லுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலேஜில் ஆறு பேர் கேட்கிறார்கள். இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த காலேஜில் ஏழு பேர், அங்கும் இல்லை. மூன்றாவதில் ஐந்து பேர், அங்கும் இல்லை. பதினெட்டுப் பேருக்குப் படிப்பு மறுக்கப்பட்டது. மூன்று காலேஜும் கூடிப் பேசியிருந்தால் பதினெட்டுப் பேர் கொண்ட முதல்தரமான வகுப்பு ஒன்று நடந்திருக்கும். ஒரு உபாத்தியாயர் போதும். மற்ற இரண்டு காலேஜும் அந்தச் செலவில் வேறு இரண்டு பாடங்களை வைத்து, மூன்று காலேஜ் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டிருக்கலாம். இது கூட்டல் கழித்தல் தெரிந்தவனுக்கு விளங்குகிற சங்கதி. சர்வகலாசாலைப் பட்டம் வேண்டியதில்லை.

சோதனைச்சாலைச் சங்கதி இன்னும் மோசம். விலை உயர்ந்த கருவி ஒன்றை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, சரஸ்வதி பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு, மறு வருஷம் வரையில் தொடாமலிருக்கிற இடங்களை நாமே கண்டிருக்கிறோம். அடுத்த காலேஜில் அந்தக் கருவியைப் படத்தில் மாத்திரம் பார்த்துப் பரீட்சை எழுதுகிறார்கள். கருவிக்குப் பொட்டு வைக்கத் தெரிந்தவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் அதை அடுத்த காலேஜ் பிள்ளைகளுக்குத் திறந்துவிடத் தெரியவில்லை. படிப்புக்கு ஒரு தெய்வத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தெய்வத்தின் பேரால் வருஷத்தில் ஒரு நாள் புத்தகத்தையே தொடக்கூடாது என்று வைத்த புத்திசாலித்தனத்தின் மிச்சம் இது என்றே சொல்லுவோம்.

இது நடக்காத காரியமா?

நாம் புதிதாக ஏதோ கனவு காண்பதாகச் சிலர் எண்ணலாம். அதுவும் பிசகு. இந்தச் சென்னையிலேயே நடந்திருக்கிறது.

பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915இல் எப்படி ஏற்பட்டதென்று விசாரியுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 12 மிஷன் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து அதை நடத்தின. ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது, சபையை யார் ஆள்வது என்பது போன்ற தகராறுகளால் ஆதியில் பிரிந்து போனவை இந்தச் சபைகள். கடவுள் விஷயத்தில் ஒத்துக்கொள்ளாதவர்கள் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிற விஷயத்தில் ஒத்துக்கொண்டார்கள். தனித்தனியே பன்னிரண்டு சிறு பள்ளிகளாய்த் தேய்ந்து போவதைவிடச் சேர்ந்து ஒரு நல்ல காலேஜ் வைப்பது லாபம் என்கிற சாதாரண புத்தி அவர்களுக்கு இருந்தது. அவர்கள் மதத்தைப்பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் வேறு. அந்தப் புத்தியைப் பாராட்டத் தடையில்லை.

இன்னும் அண்மைக் காலத்துக்கு வருவோம். 1989இல் தியாகராய நகரில், சி. எஸ். சேஷாத்திரி என்கிற கணித விற்பன்னரின் முயற்சியால் ஒரு சிறு கணித நிலையம் தோன்றிற்று. அதுதான் இன்று சென்னைக் கணிதக் கழகம் என்று உலகத்துக் கணிதக்காரர்களெல்லாம் அறிந்த நிலையம். ஜி.என். செட்டி சாலையில் இருந்த அதற்குப் பெரிய மைதானமும் கிடையாது, கோபுரமும் கிடையாது. 1998இல் பி.எஸ்.ஸி. வகுப்புத் தொடங்கினபோது, எல்லாப் பாடத்துக்கும் தானே ஆள் வைக்க வேண்டுமென்று அது காத்திருக்கவில்லை. 1962இல் தோன்றி இன்று தரமணியில் இருந்து வருகிற கணித விஞ்ஞான நிலையத்தின் ஒத்துழைப்போடு வகுப்பை நடத்திற்று. அந்த நிலையத்து ஆசிரியர்களும் வந்து பாடம் சொன்னார்கள். பட்டம் கொடுக்கிற அதிகாரம் கையில் இல்லாதபோது மத்தியப் பிரதேசத்துப் போஜ் திறந்தநிலைச் சர்வகலாசாலை மூலம் பட்டம் வாங்கிக் கொடுத்தது. 2005இல் சிறுசேரிக்குச் சொந்தக் கட்டடத்துக்குப் போயிற்று. 2006இல் நிகர்நிலைச் சர்வகலாசாலை என்கிற அந்தஸ்தும் வந்தது. தி.நகரிலிருந்து தரமணிக்கு உள்ள தூரம் என்ன? மைலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு உள்ள தூரத்தைவிட அதிகமேயன்றிக் குறைவல்ல. அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை?

வெளிநாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் கிளேர்மாண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே 1925இல், இருந்த ஒரு காலேஜை மேலும் மேலும் ஊதிப் பெருக்குவதற்குப் பதிலாகப் பக்கத்துப் பக்கத்தில் சிறு சிறு காலேஜ்களாக வைத்து, பொதுவானவற்றைப் பொதுவில் வைப்பது என்று தீர்மானித்தார்கள். இன்று ஏழு நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம். எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய புத்தகசாலை. ஒன்றில் சேர்ந்த மாணவன் மற்றொன்றில் வகுப்புக்குப் போகலாம். அதே தேசத்தில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நான்கு காலேஜ்களும் ஒரு சர்வகலாசாலையும் 1965இல் ஐந்து காலேஜ் சங்கம் என்று பதிவு செய்துகொண்டன. ஐந்தில் எதிலும் தனிச் சம்பளமின்றிப் பாடம் கேட்கலாம். எதிலிருந்தும் புத்தகம் எடுக்கலாம். ஒன்றுக்கொன்று போக மாணவர்களுக்குக் காசில்லாத பஸ். வான சாஸ்திரத்தைத் தனித்தனியே வைக்கக் கட்டுப்படியாகாதென்று சேர்ந்து ஒரு இலாகாவாக நடத்துகிறார்கள். அந்த ஐந்தில் இரண்டு, ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் என்பவை, பெண்கள் கல்லூரிகள் என்பதையும் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பஸ்ஸுக்கு நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. 2021 முதல் சென்னையில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. மைலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரையில் பறக்கும் ரயிலும் 2004 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி தயார், சாலை தயார், கேட்டுத்தான் திறக்கவில்லை.

தடை சொல்லுவோருக்கு

முதல் தடை: "ஒவ்வொரு தன்னாட்சிக் காலேஜுக்கும் பாடத்திட்டம் வேறு, பரீட்சை வேறு, எப்படிச் சேருவது?" என்பது. தன்னாட்சி முறை தமிழ்நாட்டில் 1978இல் வந்தது. பாடத்தைத் தாமே வகுக்கிற அதிகாரம் காலேஜுக்குக் கிடைத்தது. அந்த அதிகாரம் சேராமலிருப்பதற்குத்தான் உதவும், சேருவதற்கு உதவாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? இரண்டு காலேஜ் பாடக்குழுக்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுதில் தீர்க்கக்கூடிய சங்கதி. மேலும் இப்போது எல்லாப் பாடத்துக்கும் கிரெடிட் என்கிற ஒரே தராசு வந்துவிட்டது. 2021இல் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க ஒரு பாங்கும் டில்லி சர்க்கார் வைத்திருக்கிறது. அன்றியும், டில்லியின் சுவயம் என்கிற கம்ப்யூட்டர் வகுப்பு மூலம் ஒரு பருவத்துப் பாடத்தில் 40 சதவிகிதம் வரையில் படிக்கலாம் என்று 2021இல் யு.ஜி.சி. விதி செய்தது. ஆக, மைலாப்பூரில் இருக்கிற பெண் கரக்பூரில் இருக்கிற ஆசிரியரிடம் கண்ணாடித் திரை மூலம் பாடம் கேட்டால் கிரெடிட் உண்டு. நாலு தெரு தள்ளி உயிரோடு நிற்கிற ஆசிரியரிடம் நேரில் கேட்க வழி கிடையாது! இதைவிட விநோதம் புராணத்திலும் இருக்குமா?

இரண்டாவது தடை: "சம்பளம் வேறு வேறாயிற்றே" என்பது. பிள்ளை எங்கே சேர்ந்ததோ அங்கே சம்பளம் கட்டட்டும். ஒரு காலேஜ் அனுப்புகிற பிள்ளைகளும், வாங்கிக்கொள்ளுகிற பிள்ளைகளும் வருஷக் கடைசியில் ஏறக்குறையச் சரியாய்ப் போகும். மிச்சத்தைக் காலேஜ்கள் தங்களுக்குள் நேர் செய்துகொள்ளட்டும். மளிகைக் கடைக்காரர்கள் தினம் செய்கிற இந்தக் காரியம் பட்டதாரிகளுக்கு முடியாதென்று நாம் நம்பவில்லை.

மூன்றாவது தடை: "பெண்கள் கல்லூரியில் ஆண் பிள்ளைகள் வருவதா? நம் பெண்கள் வெளியில் அலைவதா?" என்பது. முதல் பாதிக்குப் பதில் எளிது: பெண்கள் கல்லூரிகளே தங்களுக்குள் முதலில் சேரட்டும், இந்தச் சுற்று வட்டத்தில் அவை ஒன்றிரண்டா? இரண்டாவது பாதி பழைய பல்லவி. பெண் ஊரிலிருந்து எண்பது மைல் தாண்டிச் சென்னைக்குப் படிக்க வரலாம். ஒரு மைல் தாண்டி அடுத்த காலேஜுக்குப் போகக்கூடாதா? அலைச்சல் என்று பெண்ணின் பேரில் பரிவு காட்டுகிறவர்களின் பரிவெல்லாம் அவளை உட்கார வைக்கிறதிலேயே போய் முடிவது நமக்குப் பழக்கமான அனுபவம்.

நான்காவது தடையை வெளியே சொல்லமாட்டார்கள். அதுதான் உண்மையான தடை. அது கௌரவம். "எங்கள் காலேஜ் பெயர் என்ன, அவர்கள் பெயர் என்ன? எங்கள் பிள்ளைகளோடு அவர்கள் பிள்ளைகளைச் சரியாக உட்கார வைப்பதா?" என்பது. இதற்கு நாம் விளக்கம் எழுத வேண்டுவதில்லை. இந்த வாக்கியத்தில் 'காலேஜ்' என்கிற இடத்தில் 'ஜாதி' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். எங்கேயோ கேட்ட குரல் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை

இது நிற்க. சேர்ந்து நடத்துவது நல்லது என்று நாம் சொல்லுவதை ஆட்சியில் இருக்கிறவர்கள் தங்களுக்கு வசதியாய் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் மூன்று மோசங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, "அடுத்த காலேஜில் உபாத்தியாயர் இருக்கிறாரே, இங்கே எதற்கு?" என்று காலி இடங்களை நிரப்பாமலிருப்பது. ஏற்கனவே சர்க்கார் காலேஜ்களில் கௌரவ விரிவுரையாளர் என்கிற பெயரில், கௌரவத்தை மட்டும் தாராளமாய்க் கொடுத்து, நிலையான உத்தியோகம் கொடுக்காமல் வருஷக் கணக்காய் வேலை வாங்குகிறார்கள். இருக்கிற உபாத்தியாயரைப் பகிர்ந்துகொள்ளுவதுதான் நாம் சொல்லுவது. இல்லாத உபாத்தியாயரைப் பகிர்ந்துகொள்ள முடியாது. ஏர் சேர்ப்பதற்கு ஆளுக்கு ஒரு மாடாவது வேண்டும்.

இரண்டு, சேர்ப்பது என்று ஆரம்பித்துக் கரைப்பது. 2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, 2040க்குள் காலேஜ்களெல்லாம் பலதுறை நிலையங்களாகிவிட வேண்டும், ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டியில் பக்கத்துக் காலேஜ்கள் கூட்டாக நடத்துவதும் இருக்கிறது, ஒன்றோடொன்று இணைத்துவிடுவதும் இருக்கிறது. முதலாவதை வரவேற்போம், இரண்டாவதைக் கண்கொத்திப் பாம்பாய்க் கவனிப்போம். சிறிய காலேஜ்தான் ஏழைப் பெண்ணுக்கு வீட்டுப் பக்கத்தில் கிடைக்கிற காலேஜ். ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டு அந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்டுவதென்று 2003இல் அன்றைய சர்க்கார் முற்பட்டதையும், மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடி அதை நிறுத்தினதையும் சென்னை மறந்திருக்காது. அந்தப் பெண்கள் உட்காராமலிருந்தால் இன்று சேர்த்துக்கொள்ள அந்தக் காலேஜே இருந்திராது.

மூன்று, பெரிய காலேஜ்கள் மட்டும் தங்களுக்குள் சேர்ந்துகொண்டு, சர்க்கார் காலேஜையும் சிறு காலேஜையும் வெளியே நிறுத்திவிடுவது. அப்படிச் சேருவது கூட்டுறவு ஆகாது. புதிய அக்கிரகாரம் ஆகும். எந்தக் கூட்டானாலும் அதில் ஒரு சர்க்கார் காலேஜாவது சம உரிமையோடு இருக்க வேண்டும் என்பது நமது அழுத்தமான அபிப்பிராயம்.

உடனே செய்யக்கூடியவை

பெரிய கமிட்டியும் பெரிய ரிப்போர்ட்டும் வரும்வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது புத்தகசாலை. சென்னைச் சர்வகலாசாலையின் முதல் புத்தகசாலைத் தலைவராக 1924இல் வந்த எஸ். ஆர். ரங்கநாதன், புத்தகம் பூட்டி வைப்பதற்கன்று, படிப்பதற்கு என்பதையே தமது சாஸ்திரத்துக்கு அடிப்படையாக வைத்தார். அவர் ஊரிலேயே புத்தகம் பூட்டிக் கிடக்கலாமா? பக்கத்துக் காலேஜ்கள் ஒரே சீட்டில் எல்லாப் புத்தகசாலையிலும் உட்கார்ந்து படிக்க விடட்டும். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டுப் புத்தகசாலையில் யாரும் போய் உட்கார்ந்து படிக்கிறார்கள். புத்தகம் தேய்ந்து போய்விடவில்லை. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளைச் சர்க்கார் நிலையங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சந்தாவாக வாங்குவதென்று டில்லி சர்க்கார் 2024இல் தீர்மானித்தது. முப்பது பிரசுரக்காரர்களின் பத்திரிகைகளைத் தேசம் முழுவதற்கும் பொதுவில் வாங்கலாமென்றால், மைலாப்பூர் அலமாரியைத் தேனாம்பேட்டைக்குத் திறக்கக் கூடாதா?

இரண்டாவது, வாரத்தில் இரண்டு பிற்பகல்களைப் பக்கத்துக் காலேஜ்களெல்லாம் ஒரே நேரத்தில் பொது வேளையாக ஒதுக்குவது. விருப்பப் பாடங்களையெல்லாம் அந்த வேளையில் வைத்துவிட்டால், நேரம் முட்டாமல் யாரும் எங்கும் போய்க் கேட்கலாம். ஒன்பது மணிக்கு ஒரு காலேஜ், பத்து மணிக்கு மற்றொரு காலேஜ் என்று ஓடவும் வேண்டாம்.

மூன்றாவது, சனிக்கிழமைகளில் சோதனைச்சாலைகளைத் திறந்து, முறை வைத்து மற்றக் காலேஜ் பிள்ளைகளுக்கு விடுவது. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஜனங்களின் பிள்ளைகள்தானே இவர்கள்?

நான்காவது, எந்தக் காலேஜில் எந்தப் பாடம் நடக்கிறது, எத்தனை இடம் காலி என்று தமிழில் ஒரே பட்டியலாக அச்சடித்து, எல்லாக் காலேஜ் வாசலிலும் ஒட்டுவது. இதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு பானை பசை போதும்.

தோழர்களே! காலேஜில் இடம் கிடைப்பதற்கே நமது முன்னோர் போராட வேண்டியிருந்தது. வகுப்புவாரி உத்தரவு 1928 முதல் நடைமுறைக்கு வந்தது. அது கோர்ட்டில் செல்லாமற்போனபோது, தமிழ்நாட்டுக் கிளர்ச்சியின் பலனாக 1951இல் அரசியல் சட்டமே முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. அதனால் வாசற்கதவு திறந்தது; நமது பிள்ளைகள் உள்ளே போனார்கள். உள்ளே போன பிள்ளைக்கு "பாடம் இருக்கிறது, ஆனால் உனக்கில்லை, பெஞ்சி காலி, ஆனால் நீ அடுத்த காலேஜ்" என்று பதில் சொன்னால், திறந்த கதவால் என்ன பயன்? ஆகவே, காலேஜில் பிள்ளைகளை வைத்திருக்கிற ஒவ்வொரு தாய் தகப்பனும், அடுத்த தடவை காலேஜுக்குக் கூப்பிட்டனுப்பினால், சம்பளத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடாமல், "பக்கத்துக் காலேஜோடு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரும்படி வேண்டிக்கொள்ளுகிறோம். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள். நூறு பேர் கேட்டால் பதில் தேடுவார்கள்.

செய்யாற்றுத் தோழரின் மகள் போகும்போது நம்மிடம் ஒன்று சொல்லிற்று. பஸ்ஸில் தினமும் பக்கத்தில் நிற்கிற அந்தக் காலேஜுப் பெண்ணிடம் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, லஸ்ஸிலிருந்து இறங்குகிற இடம் வரையில் பாடத்தைக் காப்பி பண்ணிக்கொண்டு வருகிறதாம். இரண்டு மானேஜ்மெண்டுகளும் செய்ய முடியாத ஏற்பாட்டை இரண்டு பெண்கள் ஓடுகிற பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே செய்து முடித்துவிட்டார்கள். பரீட்சையில் அதற்கு மார்க்குத்தான் கிடையாது.